எடை மெஷின் இல்லாத அறை: நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் மனநல ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். உடம்பைப் பற்றிய கூச்சம், தீராத மன அழுத்தம், வேலையில் தேய்ந்துபோன நிலை இந்த மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். வருவதற்கு முன் போனில் கேட்டவை, வந்து உட்கார்ந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டவை, கூட வந்த அம்மாக்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதில் வருபவர்களின் ஊர், வேலை, வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

இது வெயிட் குறைக்கிற கவுன்சிலிங்தானே?

இல்லை. அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், உங்களுக்குக் காசு மிச்சம். இங்கே நடப்பது எடையை நடுவில் வைக்காத சிகிச்சை. கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அப்படியே நின்றாலும், இன்றைக்கு இருக்கிற உடம்போடு உங்களால் தூங்க முடிகிறதா, பயமில்லாமல் சாப்பிட முடிகிறதா, டாக்டரிடம் போக முடிகிறதா, ஒரு கல்யாண வீட்டில் நிம்மதியாக உட்கார முடிகிறதா என்றுதான் பார்ப்போம். அறையில் எடை மெஷின் கிடையாது. "எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" என்று கேட்கமாட்டேன். "மெலிஞ்ச மாதிரி இருக்கீங்களே" என்று பாராட்டவும் மாட்டேன். இந்த இரண்டாவதில்தான் பலருக்கு ஏமாற்றம்.

அப்போ குண்டாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்கிறீர்களா?

அப்படிச் சொன்னால் அது பொய். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாவற்றுக்கும் எடையோடு தொடர்பு உண்டு. ஆனால் ஒருவரைப் பார்த்த மாத்திரத்திலேயே அவருடைய ஆரோக்கியமும் குணமும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அதைத்தான் நான் ஏற்பதில்லை. முன்பு ரயில் நிலையங்களில் காசு போட்டால் அட்டை துப்பும் எடை மெஷின் இருக்கும். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் குணபலன். மெஷின்கள் போய்விட்டன, அந்த அட்டை மட்டும் நம் தலைக்குள் இருக்கிறது.

எல்லோரும் சொல்லும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) கணக்குக்கு அடிபோட்டவர் அடோல்ஃப் கெட்லே. 1830களில் வாழ்ந்த பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் அல்ல. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஐரோப்பியர்களை அளந்து தேடினார். அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வந்ததே 1972இல்தான், ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரால். நம்மைப் போன்ற ஆசிய உடம்புகளுக்கு, எடை அதிகம் என்று சொல்லப் பி.எம்.ஐ. 25 வரை காத்திருக்கக் கூடாது, 23லேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அதே வருஷம் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, சுத்த நார்மல். ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த சர்வதேசக் குழுவும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இதனால் அடிபடுவது இரண்டு பக்கமும். ஒல்லியான அண்ணாச்சி "நமக்கெல்லாம் சுகர் வராது" என்று பத்து வருஷம் பரிசோதனைக்கு ரத்தமே கொடுக்கமாட்டார். பருத்த அக்கா திட்டு விழும் என்று பயந்து கொடுக்கமாட்டார்.

பார்த்ததும் 'என்ன இப்படி ஊதிட்ட' என்று கேட்பது நம்ம ஊர்ப் பாசம்தானே? இதுக்குப் போய் வருத்தப்படலாமா?

பாசம்தான். நம் பக்கத்தில் நலம் விசாரிப்பதே உடம்பு வழியாகத்தான். ரதவீதியில் நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற சித்தி, "ஏட்டி, என்ன இப்படிப் பெருத்துட்ட?" என்பாள். அடுத்த தெருவில் பெரியம்மா, "வத்திப்போயிட்டியே, சாப்பிடுதியா இல்லையா?" என்பாள். இரண்டுக்கும் அர்த்தம் 'உன்னைப் பார்த்து நாளாச்சு'. ஆச்சிகள் காலத்தில் "பூசினாப்ல இருக்கா" என்பது பாராட்டு. அந்த வீட்டுப் பானையில் அரிசி இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லை என்று அதற்குப் பொருள். இன்றைக்கும் அதே வாய் அதே வார்த்தையைச் சொல்கிறது, கேட்கிற காதுதான் மாறிவிட்டது. அதே வாய்தான் பெண் பார்க்க வந்த இடத்தில் "கொஞ்சம் குறைச்சா லட்சணமா இருப்பா" என்றும் சொல்கிறது. மறுவீட்டு விருந்தில் வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைக்கிற கையை விலக்கி மூன்றாம் தடவை சொதி ஊற்றுகிறவர்களும், மறுநாள் போட்டோவைப் பார்த்து "இவ என்ன இவ்வளவு தடிச்சிருக்கா" என்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். எனக்கு இதில் கோபம் வருவதுண்டு, மறைக்கப் போவதில்லை.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியை நாலு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. மொய்யை ஜிபேயில் அனுப்பிவிட்டு, பரீட்சை பேப்பர் திருத்துகிற வேலை என்று சொல்லிவிடுவார். பட்டுச்சேலைக்கான பிளவுஸ் ஒவ்வொன்றிலும் தையலைப் பிரித்துப் பிரித்துத் துணியே இல்லாமல் போனதும், அளவு எடுக்கிற டெய்லர் டேப்பில் பார்த்த எண்ணைச் சத்தமாக உதவியாளரிடம் சொன்னதும்தான் தொடக்கம். அந்த எண்ணை அவர் இன்னும் மறக்கவில்லை. என்னிடம் அழுதது அதைச் சொல்லும்போதுதான்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சித்திக்குப் பாடம் எடுக்கமுடியாது, சண்டையும் போடமுடியாது, ஊரில் இருக்கவேண்டுமே. அதனால் ஒரு வாக்கியம் தயார் செய்தோம்: "உடம்பு கெடக்கட்டும் சித்தி, உங்க முட்டுவலி எப்படி இருக்கு?" நான் சித்தி, அவர் அவராகவே, அறைக்குள் பத்துப் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தோம். முதல் சில தடவை குரல் நடுங்கியது. அடுத்த முகூர்த்தத்தில் நிஜ சித்தி அரைமணி நேரம் முட்டுவலியைப் பற்றிப் பேசினாராம். "அதுவும் ஒரு கொடுமைதான் மேடம்" என்றார் ஆசிரியை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

கூச்சம் இருந்தால்தானே உடம்பைக் குறைக்கணும்னு தோணும்?

தோன்றும். ஆனால் செய்யமுடியாது. கூச்சப்படுகிறவர்கள் நடைப்பயிற்சிக்கு மைதானத்துக்குப் போவதில்லை, நாலு பேர் பார்ப்பார்கள். மாஸ்டர் செக்கப்புக்குப் போவதில்லை. பகலெல்லாம் "எனக்குப் பசியில்லை" என்று ஒரு தோசையோடு நிறுத்திவிட்டு, இரவு பதினோரு மணிக்கு லைட் போடாமல், பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். பிறகு அதற்காக ஒரு கூச்சம், மறுநாள் அதற்காக ஒரு பட்டினி. அந்த ராத்திரிப் பசியைக் குணக்கேடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அது வயிற்றின் கணக்கு. 1944-45இல், மேலே சொன்ன அதே ஆன்சல் கீஸ், மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார், தினம் சுமார் 1,600 கலோரி. இன்றைக்குப் பல டயட் அட்டவணைகளில் இதைவிடக் குறைவாகவே தருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பட்டினி முடிந்தபிறகு வயிறு நிறைந்தும் நிறுத்தமுடியாமல் தின்றார்கள். அவர்கள் யாரும் கட்டுப்பாடில்லாதவர்கள் அல்ல, தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்டவர்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கிறபோது பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "எனக்குப் பெரிய பட்டை வச்சுப் பாருங்க" என்று நர்ஸிடம் கேட்க ஒருவருக்குத் தைரியம் வந்தால் அதையே நான் முன்னேற்றமாக எடுத்துக்கொள்வேன்.

பர்ன்-அவுட்டுக்கும் உடம்புக்கூச்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

பர்ன்-அவுட் என்ற சொல்லை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கில் வேலைபார்த்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974இல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் அதைச் சேர்த்தபோதும், நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றே எழுதியது. சக்தி வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, 'நம்மால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் இவைதான் அடையாளம். எங்கள் பக்கத்தில் இதற்கு முன்பே பேர் உண்டு: "ஆளு தேஞ்சு போயிட்டாம்லே."

ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சேலை விரித்துக் காட்டிய ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கி, தூக்கம் கெட்டு, எடையும் ஏறியது. அவர் வந்தது எடைக்காக. சூப்பர்வைசர் "பருமனா இருக்கிறதுனாலதான் நிக்க முடியல" என்று சொல்லியிருக்கிறார், இவரும் நம்பிவிட்டார். ஒல்லியாக இருந்த பக்கத்துக் கவுண்டர் பெண்ணுக்கும் கால் வீங்குகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. கேரளம் இதை 2018லேயே செய்துவிட்டது. ஒரு ஸ்டூல் செய்யவேண்டிய வேலையை மூச்சுப்பயிற்சி செய்யாது. மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிறவளே இதைச் சொல்கிறேன்.

அம்மா பீடி சுத்துகிறவர்கள். அவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், பேர்தான் வேறு. மடியில் சொளகு, குனிந்த முதுகு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து நடந்தால் கணக்குக் குறையும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் இப்படி முப்பது வருஷம் உட்கார்ந்த அம்மாக்களிடம் போய் "தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க" என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கும். ஐந்நூறு முடிந்ததும் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் என்பேன். சிலர் செய்கிறார்கள்.

அறைக்குள்ளே என்னதான் நடக்கும்?

பேச்சுத்தான். ஆனால் நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் என்னிடம் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒருவர் முதல் நாள் முக்கால் மணி நேரமும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பேசினார். "முதுகு வலி, நிக்கிறதுதான் சுகம்" என்றார். நானும் நம்பினேன், எனக்கு அவ்வளவுதான் அறிவு. மூன்றாவது வாரம்தான் சொன்னார், ஒரு சடங்கு வீட்டில் அந்த மாதிரி நாற்காலியின் கால் விரிந்து எல்லோரும் பார்க்க விழுந்திருக்கிறார். அந்த வாரமே அகலமான மரப்பெஞ்சு ஒன்று செய்யக் கொடுத்தேன். அறையிலேயே பயனுள்ள சாதனம் இன்றுவரை அதுதான்.

மற்றபடி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி, மனதோடு சண்டை போடாமல் வேண்டிய வாழ்க்கையை நோக்கி நகர்கிற ஆக்ட், இங்கிலாந்து உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சை இவற்றை ஆளுக்குத் தக்கபடி கலந்து செய்கிறேன். சாப்பாட்டுக் குறிப்பு எழுதச் சொல்வேன், அதில் கலோரி இருக்காது. எப்போது பசித்தது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், யார் கூட இருந்தார்கள், சாப்பிடும்போது மனசு என்ன சொன்னது, இவ்வளவுதான். அந்த 'மனசு சொன்னதை' சத்தமாக வாசிக்கச் சொன்னால் பெரும்பாலும் அது அவர்கள் குரலாக இருக்காது. அப்பா குரலோ, பி.டி. சார் குரலோ, பழைய மாமியார் குரலோதான். பெயர் தெரிந்துவிட்டால் பதில் சொல்வது கொஞ்சம் சுலபம்.

உடம்பை நேசி, கண்ணாடி முன்னால் நின்று 'நான் அழகு' என்று சொல் என்றெல்லாம் நான் சொல்வதில்லை. வராத காதலை வா என்றால் வருமா? உடம்பைப் பற்றி எதுவும் நினைக்காமல் ஒரு மதியம் கழிந்தாலே போதும்.

சர்க்கரை டாக்டர் 'முதல்ல வெயிட்டைக் குறை' என்கிறார். நீங்கள் வேறு சொல்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது?

மருந்து விஷயத்தில் டாக்டர் பேச்சை. நான் மாத்திரை எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி தருகிறேன்: "சார், இதே பிரச்சினையோட ஒல்லியா ஒருத்தர் வந்தா என்ன செய்வீங்க? அதையும் எனக்குச் சொல்லுங்க." நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். என்னிடம் வரும் ஒருவருக்கு மூன்று வருஷ முட்டிவலிக்கு எக்ஸ்ரேகூட எடுக்காமல் "குறைச்சா சரியாயிடும்" என்றே அனுப்பியிருந்தார்கள். எடை பார்க்க விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம். மருந்தின் அளவுக்கோ மயக்க மருந்துக்கோ எடை தேவைப்படும் நேரங்கள் உண்டு. அப்போது மெஷினில் திரும்பி நின்றுகொண்டு, எண்ணைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

எடை குறைக்கிற ஊசி போட்டுக்கொள்ளலாமா?

2025இல் மவுஞ்சாரோவும் வீகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தபிறகு வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையில். போட்டுக்கொண்டவர்களை நான் குறைவாகப் பார்ப்பதில்லை. நிறுத்தினால் எடையில் பெரும்பகுதி திரும்பி வருவது வழக்கம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து கிலோ குறைந்தபிறகும் போட்டோவில் பின்வரிசையில் போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனநல மாத்திரையால் வெயிட் ஏறுகிறது. நிறுத்திவிடட்டுமா?

திடீரென்று நிறுத்தாதீர்கள். ஓலன்சாபின், வால்ப்ரோயேட், மிர்டாசபின் போன்றவற்றுக்கு எடை ஏற்றும் குணம் உண்டு என்பது உண்மைதான். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் அளவை மாற்றவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கும். சொல்லக் கூச்சப்பட்டு, தானாக நிறுத்தி, நோய் திரும்பி வந்தவர்களைத்தான் பார்க்கிறோம்.

ஆண்களுக்கும் இது உண்டா?

நிறைய உண்டு, சொல்லமாட்டார்கள். காவலர் தேர்வுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரியவேண்டும். அந்த 5க்காக வ.உ.சி. மைதானத்தில் விடிகாலையில் ஓடுகிற பையன்களில் ஒருவன் என்னிடம் வந்தான். "ஏலே ஒல்லிக்குச்சி" என்று கூப்பிட்டே வளர்த்திருக்கிறார்கள். பவுடர் டப்பாவும் ஜிம் கட்டணமுமாக வீட்டில் கடன். சட்டை கழற்றி வயலில் இறங்கியதே இல்லை. அப்பா கேட்டால் "வெயிலு" என்பான்.

என் மகளுக்குப் பதினொரு வயது. உடம்பு போட்டுக்கொண்டே போகிறது. எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். பூப்பெய்தும் வயதையொட்டிச் சதை போடுவது இயல்பு. சந்தேகமிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு "டாக்டர், எப்படி இருக்கா பாருங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அண்ணனுக்கு இரண்டு முட்டை, அவளுக்கு ஒன்று என்று தட்டில் வித்தியாசம் வைக்காதீர்கள். அதை அறுபது வயதிலும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கே சமையலை மாற்றுங்கள், அல்லது யாருக்கும் மாற்றாதீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி அவள் காதில் விழ நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள்.

எத்தனை தடவை வரணும்? காசில்லாதவர்கள் என்ன செய்வது?

சிலருக்கு ஆறு தடவை, சிலருக்கு ஒரு வருஷம். முன்கூட்டிச் சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். காசு பிரச்சினை என்றால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வாந்தி எடுத்துச் சாப்பாட்டை வெளியேற்றுவது, நாள்கணக்கில் பட்டினி, நிறுத்தமுடியாமல் அள்ளித் தின்பது, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இதில் ஏதாவது இருந்தால் என் அறைக்காகக் காத்திருக்கவேண்டாம், மனநல மருத்துவரை உடனே பாருங்கள். பட்டினி நோய் ஒல்லியானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்து, பருத்தவர்கள் பட்டினி கிடந்தால் வீட்டில் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேறு ஊரில் ஆள் தேடுகிறீர்கள் என்றால், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கவேண்டும், கேட்டுப் பாருங்கள். "என் எடையைப் பற்றி நான் பேசாவிட்டால் நீங்கள் பேசுவீர்களா?" என்றும் கேளுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவரணும்?

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, இருந்தால். அறை தரைத்தளத்தில்தான், மாடிப்படி ஏறவேண்டாம். எடை பார்ப்பார்களோ என்று பயந்து, ரத்தம் கொடுக்கப் போவதுபோல வெறும் வயிற்றோடு வருபவர்கள் உண்டு. பதினொரு மணிக்குத் தலை சுற்றும், பக்கத்துக் கடையில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கமுடியும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.